நான்கு வருடத் தடையும் ஒரு புளி டப்பாவும்

அந்த மின்னஞ்சல் வந்து ஆறு நாள் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். 2021 மே மாதம், இரண்டாவது அலை, முழு ஊரடங்கு. அம்மா வேலைக்குப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் மூடிக் கிடந்தது. பயிற்சி மையத்தையும் மூடிவிட்டதால் நானும் பையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தேன். அந்த மெயில் ஐடி, ஒரு மீட்டுக்கு, அதாவது தடகளப் போட்டிக்கு, விண்ணப்பம் போடும்போது மையத்தில் ஒரு அக்கா எனக்காக உருவாக்கியது. பாஸ்வேர்டுகூட அவர் வைத்ததுதான். கோச் சார் போன் பண்ணி, "மெயில் பார்த்தியாம்மா?" என்று கேட்டார். எப்போதும் திட்டிக்கொண்டே பேசுகிறவர் அன்று மெதுவாகக் கேட்டதிலேயே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. திறந்தால் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. என் பெயர், மெத்தாண்டினோன் என்று ஒரு மருந்தின் பெயர், உடனடியாக எந்தப் போட்டியிலும் ஓடக் கூடாது என்ற செய்தி. இந்த மூன்றுதான் எனக்குப் புரிந்தது. அப்போது எனக்கு 21 வயது. இரண்டு மாதம் முன்னால் ஒரு தேசிய மீட்டில் 200 மீட்டரை 24.08 விநாடியில் ஓடி வெண்கலம் வாங்கியிருந்தேன்.

தடை முடிந்து இப்போது மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறேன். நான் வேண்டுமென்றே ஊக்கமருந்து எடுக்கவில்லை. ஆனால் அதை என்னால் நிரூபிக்க முடியவில்லை. இதைப் படிக்கிறவர்கள் என்னை நம்ப வேண்டும் என்று கேட்டு எழுதவில்லை. எங்கள் ஊர் மாதிரி ஊரிலிருந்து, வீட்டில் யாருக்கும் ஆங்கிலக் கடிதம் படிக்கத் தெரியாத நிலையிலிருந்து, ஓடும் ஸ்பைக்ஸ் ஷூ வாங்கக் கடன் வாங்கி ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எனக்கு நடந்தவற்றில் பாதியைத் தடுத்திருக்கலாம். எப்படி என்று சொல்ல அன்று என் பக்கத்தில் ஆள் இல்லை.

கோவில்பட்டி என்றால் எல்லாருக்கும் ஹாக்கிதான். ஓட்டக்காரிக்கு அங்கே பெரிய மரியாதை கிடையாது. எட்டாம் வகுப்பில் பி.டி. சார் என்னை வெறும் காலோடு ஓடவிட்டுப் பார்த்து, மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து விளையாட்டு விடுதி, அப்புறம் பயிற்சி மையம், மாநில மீட், தேசிய மீட். 2021 தொடக்கத்தில் ஒரு அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கான தேர்வு முடிந்து, உத்தரவு வரவேண்டியது மட்டும் பாக்கி. அம்மாவுடையது வாழ்க்கை முழுக்கத் தீப்பெட்டி அடைத்த கை. "உனக்கு உத்தரவு வந்த மறுநாள் நான் ஆபீஸுக்குப் போகமாட்டேன் தாயி" என்று சொல்லி வைத்திருந்தாள்.

சரி, பவுடர் கதைக்கு வருகிறேன். 2020 ஊரடங்கில் ஆறேழு மாதம் பயிற்சியே இல்லை. உடம்பு இளைத்துவிட்டது. திரும்பி மையத்துக்கு வந்தபோது ஓட்டம் தொடங்கும் பிளாக்கிலிருந்து கிளம்பினால் தொடையில் பிடிப்பு வரும், சாயங்காலம் கால் தூக்க முடியாது. சீனியர் அக்காக்கள் எல்லாரும் ஏதோ ஒரு புரோட்டீன் எடுத்தார்கள். ஒருவர் நகரத்தில் உள்ள ஒரு கடையைச் சொன்னார். கடைக்காரர் நல்ல மாதிரித்தான் பேசினார். "ஓடுற பொண்ணுங்களுக்கு இதுதான் எடுக்கணும், ரெக்கவரி நல்லா இருக்கும்" என்று ஒரு கிலோ டப்பாவை எடுத்து வைத்தார். 5,200 ரூபாய். எனக்கு அது இரண்டு மாதச் செலவுக் காசு. பில் கேட்டேன், "பில் போட்டா வரி சேர்ந்துடும்" என்றார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு துண்டுச் சீட்டு இல்லாததற்கு நான் பின்னால் கொடுத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது. பில் இல்லாமல் ஒரு பாட்டில் சத்து டானிக்கைக்கூட வாங்காதீர்கள். வாங்கிய அன்றே பில்லையும் டப்பாவின் நான்கு பக்கத்தையும், முக்கியமாக பேட்ச் எண்ணையும், போனில் படம் பிடித்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

சப்ளிமெண்ட் டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும் என்று நான் நம்பினேன். மருந்துக் கடை மாத்திரை மாதிரி யாரோ ஒருவர் சோதித்துத்தான் விற்பார்கள் என்று நினைப்பு. அப்படி இல்லை. ஒரே ஆலையில் வேறு பொருள் கலக்கும்போது ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு, வாங்கியவருக்குச் சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று வேண்டுமென்றே ஸ்டீராய்டைக் கலப்பதும் உண்டு, போலி டப்பாவும் உண்டு. பேட்ச் பேட்சாகச் சோதித்து முத்திரை தரும் அமைப்புகள் இருக்கின்றன. இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்.எஸ்.எஃப் என்ற பெயர்களில் அந்த முத்திரைகளைப் பார்க்கலாம். முத்திரை இருந்தால் மட்டும் போதாது, உங்கள் கையில் இருக்கும் பேட்ச் எண் அவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். அதுவும் ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுசாகப் போக்காது. என்னைக் கேட்டால் முட்டை, பயறு, பால், கடலைமிட்டாய் போதும் என்பேன். அந்த 5,200 ரூபாய்க்கு எத்தனை நாள் முட்டை சாப்பிட்டிருக்கலாம்!

இனி சோதனை நாள். 200 மீட்டர் இறுதி முடிந்து குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து தோளைத் தொட்டார். டோப் டெஸ்டுக்குத் தேர்வாகியிருக்கிறேன், கையெழுத்துப் போட வேண்டும், அந்த நிமிடத்திலிருந்து அவர் கண்ணை விட்டு நகரக் கூடாது. எனக்கு முதல் தடவை. பயமில்லை, உண்மையில் பெருமையாக இருந்தது. பெரிய ஆட்களைத்தானே சோதிப்பார்கள் என்று. 90 மில்லி சிறுநீர் வேண்டும். வெயிலில் ஓடி உடம்பு வற்றிப்போயிருந்தது, முதல் முறை பாதிகூட வரவில்லை. அதிகாரி ஒருவர், பெண்தான், நேராகப் பார்த்துக்கொண்டிருக்க உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா முன்னால்கூட உடை மாற்றாதவள் நான். அழுகை வந்தது. மூடி போட்ட பாட்டில் தண்ணீராகக் குடித்துக் குடித்து, இரண்டரை மணி நேரம் கழித்து முடிந்தது. அதிகமாகத் தண்ணீர் குடித்தால் மாதிரி நீர்த்துப்போய் இன்னொரு தடவை கேட்பார்கள். அதனால் அவசரப்பட்டுக் குடிக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருங்கள். ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் நீங்களே ஊற்றி, நீங்களே மூடி, எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

அப்புறம்தான் அந்தப் படிவம். கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து, வைட்டமின், சப்ளிமெண்ட் எல்லாம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்கும். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு சீனியர், "பவுடர் கிவுடர்னு எழுதாத, தேவையில்லாம கேள்வி கேப்பாங்க" என்றார். ஹாஸ்டல் வண்டி கிளம்பப்போகிறது என்று வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பாராசிட்டமால் மட்டும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். படிவத்தின் நகலை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பவுடரை எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன், எழுதினால் மன்னிப்பு என்று எந்த விதியும் இல்லை. ஆனால் விசாரணையில் முதல் கேள்வியே அதுதான்: "பவுடரில்தான் வந்தது என்கிறீர்கள், அப்படியானால் ஏன் படிவத்தில் எழுதவில்லை?" எனக்குப் பதில் இல்லை. வண்டி கிளம்பியது என்றா சொல்ல முடியும்? எழுதுங்கள். கஷாயம், லேகியம், தைலம், எதிர்வீட்டுப் பாட்டி கொடுத்த சூரணம் எதுவானாலும் எழுதுங்கள்.

மெயிலுக்குத் திரும்புகிறேன். கோச் சார் சொன்னார்: "என்ன சாப்பிட்ட, யோசி. மிச்சம் இருந்தா எடுத்து வை." எனக்கு உடனே பவுடர் நினைவு வந்தது. டப்பாவை ஊருக்குக் கொண்டு வந்திருந்தேன், மார்ச் கடைசியிலேயே தீர்ந்துவிட்டது. ஓடிப்போய் அடுப்படியில் தேடினேன். கறுப்பு டப்பா, சிவப்பு மூடி. பரணுக்குக் கீழ்த் தட்டில் இருந்தது. திறந்தால் புளி. அம்மா சபீனா போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கொட்டை எடுத்த புளியை உப்புப் போட்டு உருண்டை பிடித்து அடுக்கியிருந்தாள். தண்ணீரில் ஊறவைத்து லேபிளையும் உரித்துவிட்டாள். அடியில் அச்சடித்திருந்த எண்ணில் ஒரு 7 மட்டும் தெரிந்தது. "நல்ல கெட்டி டப்பாவா இருந்துச்சுன்னு எடுத்து வச்சேன்டி" என்றாள். நான் ஏன் அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளிடம் கோபப்பட்டுக் கத்திவிட்டேன். அதைத்தான் நான்கு வருடத்திலும் அதிகமாக நினைத்து வருந்தியிருக்கிறேன். எங்கள் வீடுகளில் எந்த டப்பாவைத் தூக்கிப் போட்டிருக்கிறோம்? நான்தான் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஏன் அந்த டப்பா இவ்வளவு முக்கியம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஊக்கமருந்து விதியில் உடம்பில் இருந்தால் பொறுப்பு ஓடுகிறவருடையது. எப்படி வந்தது என்பதைக் காட்ட வேண்டியதும் அவர்தான். மெத்தாண்டினோன் மாதிரி ஸ்டீராய்டுக்கு அடிப்படைத் தண்டனை நான்கு வருடம். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நிரூபித்தால் இரண்டு வருடம். கலப்படப் பொருளிலிருந்து வந்தது, என் பக்கம் பெரிய தவறில்லை என்றும் காட்ட முடிந்தால் இன்னும் குறையும். ஜமைக்காவின் அசஃபா பவெல் 100 மீட்டரில் உலக சாதனை வைத்திருந்தவர். 2013-ல் ஆக்ஸிலோஃப்ரின் என்ற பொருளுக்காக மாட்டினார். அவர் எடுத்த சப்ளிமெண்டைச் சோதித்தபோது அதிலேயே அந்தப் பொருள் இருந்தது. முதலில் 18 மாதம் என்று வந்த தடையை 2014-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் ஆறு மாதமாகக் குறைத்தது. பிரிட்டனின் ஓட்டக்காரர் சிஜே உஜா என் விசாரணை நடந்துகொண்டிருந்த அதே 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மாட்டினார். பத்து பவுண்டுக்கு வாங்கிய சப்ளிமெண்ட்தான் காரணம் என்றார், வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள், 22 மாதம். என்னிடம் இருந்தது புளி.

அதே பிராண்டில் புது டப்பா ஒன்று வாங்கி, ஒரு தனியார் ஆய்வகத்தில் 24,000 ரூபாய் கட்டிச் சோதிக்கக் கொடுத்தேன். எதுவும் இல்லை என்று வந்தது. என் பேட்ச் வேறு, அது வேறு. அந்தக் காசும் போனது, என் வாதமும் பலவீனமானது. ஆகையால் எந்த டப்பாவைத் திறந்தாலும், தீரும்போது அடியில் இரண்டு ஸ்பூன் அப்படியே விட்டு மூடி, தேதி எழுதி, தனியாக எடுத்து வையுங்கள். முடிந்தால் அதே பேட்ச்சில் திறக்காத சின்னப் பாக்கெட் ஒன்றும் இருக்கட்டும். கடைசியாக எடுத்த நாளிலிருந்து ஒரு வருடமாவது வைத்திருங்கள். எனக்கு மாதிரி எடுத்து முடிவு வரவே இரண்டு மாதம் ஆனது. அந்தச் சமயம் டெல்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தின் அங்கீகாரம் நிறுத்தப்பட்டிருந்ததால் மாதிரிகள் எல்லாம் வெளிநாடு போய்க்கொண்டிருந்தன. 2021 டிசம்பரில்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. பி மாதிரியையும் சோதிக்கச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு, செலவு நம்முடையது. வெளிநாட்டுக் கட்டணத்தைப் பார்த்து நான் கேட்கவில்லை.

அடுத்த தவறு ஆலோசகர். தெரிந்தவர் ஒருவர் மூலம், "இந்த மாதிரி நாலஞ்சு கேஸ் முடிச்சுக் கொடுத்திருக்கேன்" என்று ஒருவர் வந்தார். வக்கீல்கூட இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அம்மாவின் மூன்று பவுன் செயினை அடகு வைத்து 75,000 கொடுத்தோம். குற்றச்சாட்டுக் கடிதம் முறைப்படி வந்தபோது, அதில் ஒரு பத்தி இருந்தது: 20 நாளுக்குள் மீறலை ஒப்புக்கொண்டு, சொல்லப்பட்ட தண்டனையையும் ஏற்றுக்கொண்டால் நான்கு வருடத்தில் ஒரு வருடம் குறையும். 2021 ஜனவரியில் வந்த புது விதி அது. எனக்கு அது புரியவில்லை. ஆலோசகர், "ஒத்துக்கிட்டா வாழ்நாள் பூரா கறை. விசாரணைக்குப் போகலாம், ஜெயிச்சிரலாம்" என்றார். நானும் ஒப்புக்கொள்வது என்றால் திருடி என்று ஒப்புக்கொள்வது என்று நினைத்தேன். ரோஷத்தில் 20 நாள் போய்விட்டது. கையில் ஆதாரம் வைத்திருக்கிறவர்கள் போராடத்தான் வேண்டும். என்னைப் போல ஆதாரமே இல்லாமல் நின்றவளுக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று சொல்ல ஆள் இல்லை. 25 வயதில் திரும்புவதற்குப் பதில் 24 வயதில் திரும்பியிருப்பேன். ஓட்டக்காரிக்கு ஒரு வருடம் என்றால் என்ன என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும். கடிதம் வந்த அன்றே, தேதியைச் சுவரில் எழுதிப்போட்டு, ஆங்கிலம் தெரிந்த ஒரு ஆசிரியரை உட்காரவைத்து வரிக்கு வரி படித்துப் புரிந்துகொள்ளுங்கள். விளையாட்டு வழக்குகளை மட்டும் பார்க்கும் வக்கீல்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். விளையாட்டு வீரர்கள் என்றால் கட்டணம் வாங்காமல் வருபவர்களும் உண்டு. "முடிச்சுக் கொடுக்கிறேன்" என்று சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

விசாரணை வீடியோவில் நடந்தது. எங்கள் தெருவில் சிக்னல் வராது, கண்மாய்க் கரையில் வேப்பமரத்தடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 40 நிமிடம். குழுவில் இருந்தவர்கள் யாரும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கேட்டவை எல்லாம் நியாயமான கேள்விகள். எங்கே வாங்கினீர்கள், பில் எங்கே, டப்பா எங்கே, யாரிடம் கேட்டுவிட்டு எடுத்தீர்கள். நான் கோச் சாரிடம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது மட்டும் காப்பாற்றியிருக்காது. 2010 டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் தங்கம் வென்ற 4×400 பெண்கள் அணியில் மூன்று பேர் 2011-ல் இதே மாதிரி ஸ்டீராய்டில் மாட்டினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங்தான் காரணம் என்றார்கள். இங்கே ஒரு வருடம் கொடுத்தார்கள், மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு வருடம் ஆக்கியது. கோச் கொடுத்தார் என்பது யாருக்கும் கவசமாக இருந்ததில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜமைக்காவின் ஷெல்லி ஆன் ஃப்ரேசருக்கே 2010-ல் பல் வலிக்கு எடுத்த ஒரு மாத்திரையால் ஆறு மாதம் தடை வந்தது. அந்த மாத்திரையைக் கொடுத்தவர் அவருடைய கோச்.

தீர்ப்பு நான்கு வருடம். 2021 மே முதல் 2025 மே வரை. மேல்முறையீட்டுக்கு 21 நாள் இருந்தது, என்னிடம் காசும் இல்லை, தெம்பும் இல்லை. வேலைக்கான தேர்வும் ரத்து. பரிசுத் தொகை 40,000-ஐத் திருப்பிக் கட்டினேன். பதக்கத்தைக் கூரியரில் அனுப்பினேன். கூரியர் கடைப் பையன், "அக்கா, உள்ள என்ன, உடையுற சாமானா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைக் கொன்றது ரிலே. மாதிரி எடுத்த நாளிலிருந்து என் முடிவுகள் எல்லாம் ரத்து. மறுநாள் நாங்கள் 4×100-ல் வெள்ளி வாங்கியிருந்தோம். மூன்றாவதாக ஓடியவள் நான். மற்ற மூன்று பேர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர்கள் பதக்கமும் போனது. உசேன் போல்ட்டுக்கே நடந்தது அது. 2008 பெய்ஜிங்கில் அவர் அணியில் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரியைப் பிறகு மறுபடி சோதித்ததில் மாட்ட, 2017-ல் போல்ட் தங்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உஜாவின் தோழர்கள் மூவரும் டோக்கியோ வெள்ளியை இழந்தார்கள். எங்கள் அணியில் ஒருத்திக்கு அந்தப் பதக்கச் சான்றிதழை வைத்துத்தான் கல்லூரியில் இடம் கிடைக்கவிருந்தது. நான் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. நீளமாக மெசேஜ் எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் "மன்னிச்சிரு" என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு பொங்கலன்று அவளே கூப்பிட்டாள். தடை பெற்றவளோடு பேசினால் தனக்கும் பிரச்சினை வரும் என்று மையத்தில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்படி விதி இல்லை. தடை பெற்ற கோச், டாக்டர் மாதிரி ஆட்களிடம் பயிற்சியோ சிகிச்சையோ எடுக்கக் கூடாது என்பதுதான் விதி. தடை பெற்ற தோழிக்குப் போன் பண்ணலாம். தயவுசெய்து பண்ணுங்கள்.

எங்கள் ஊரில் ஊக்கமருந்து என்றால் தெரிந்த ஒரே பெயர் பென் ஜான்சன். 1988 சியோலில் 9.79-ல் ஓடி, மூன்றே நாளில் தங்கத்தைப் பறிகொடுத்தவர். டீக்கடையில் அந்தப் பெயரை வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். ஊசி போட்டுத்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறாள், இனி பிள்ளை பிறக்குமா என்று அம்மாவிடமே ஒருத்தி கேட்டிருக்கிறாள். ரொம்ப நாள் எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் இருந்தது. 2023-ல் நம் நாட்டில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 பாசிட்டிவ் வந்தன. அதே ஆண்டு டெல்லி மாநில மீட்டில் சோதனைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பலர் விலகிப்போய், ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் ஓடினார். கழிப்பறையில் ஊசிகள் கிடந்ததையும் செய்திகளில் காட்டினார்கள். இதையெல்லாம் பார்க்கிற ஊர்க்காரர் என்னை மட்டும் எப்படி நம்புவார்? வேண்டுமென்றே எடுக்கிறவர்கள் நிஜமாகவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களால் பதக்கம் இழந்தவர்களும் நம் கூடவே ஓடுகிறவர்கள்தான். விதி கடுமையாக இருப்பது தப்பென்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன்.

தடைக் காலத்தில் மையத்துக்குள் கால் வைக்கக் கூடாது, சங்கத்தோடு சேர்ந்த எந்த மீட்டிலும் ஓடவோ, கோச்சாகவோ, அலுவலராகவோகூட நிற்கக் கூடாது. மீறினால் அதே நீளத் தடை ஒன்று பழையதன் முடிவில் கூடுதலாகச் சேரலாம். தடை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அணியோடு பயிற்சிக்குத் திரும்ப அனுமதி. இது தெரியாமல் ஒரு ஊர்த் திருவிழா ஓட்டத்துக்குக் கூப்பிட்டபோது போக இருந்தேன். அது யார் நடத்துவது என்று கோச் சார் கேட்கச் சொன்னார். கேட்டால் மாவட்டச் சங்கத்தின் பெயர் நோட்டீஸில் இருந்தது. நல்லவேளை. தீப்பெட்டி ஆபீஸிலேயே கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன், மாதம் 9,000. காலையில் நாலரை மணிக்குக் கண்மாய்க்குள் ஓடுவேன். கோடையில் கரிசல் மண் வாய் பிளந்து கிடக்கும், கால் உள்ளே போனால் கணுக்கால் போய்விடும், கரையோரமாகவே 150 மீட்டர் அளந்து கல் நட்டு வைத்திருந்தேன். மழை பெய்தால் மண் அப்பிக்கொண்டு ஷூ ஒரு கிலோ கனக்கும். அப்போது ரோட்டில் ஓடினேன். முழங்கால் வலி அப்போது வந்ததுதான்.

அந்த நான்கு வருடத்தில் நிறையப் படித்தேன். பவுடரைவிட நம் பக்கத்தில் அதிக ஆபத்து சாதாரண ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. சளிக்குக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற பல இருமல் மருந்துகளில் டெர்பூட்டலின் இருக்கும், அது எந்த நேரத்திலும் தடை. "அசதியா இருக்கு டாக்டர்" என்றவுடன் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, ஆஸ்பத்திரியில் முறையான சிகிச்சையின் பகுதியாக இல்லாவிட்டால் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எது ஏறினாலும் மீறல், உள்ளே வெறும் உப்புத் தண்ணீராக இருந்தாலும் சரி. வலிக்கும் அலர்ஜிக்கும் போடுகிற ஸ்டீராய்டு வகை ஊசிகள் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. டாக்டரிடம் உட்கார்ந்தவுடன், வியாதியைச் சொல்வதற்கு முன்னாலேயே "நான் டோப் டெஸ்ட் எடுக்கிற ஓட்டக்காரி" என்று சொல்லுங்கள். சீட்டில் மருந்தின் வேதிப் பெயரை எழுதி வாங்குங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் "நோ யுவர் மெடிசின்" (Know Your Medicine) செயலியில் தேடிப் பாருங்கள். வேறு வழியே இல்லாமல் அந்த மருந்துதான் வேண்டும் என்றால், சிகிச்சைக்கான விலக்கு என்று ஒன்று விண்ணப்பிக்கலாம், அதற்கு மருத்துவச் சீட்டுகள் எல்லாம் வேண்டும். ஆத்திர அவசரத்தில் கொடுத்த மருந்து என்றாலும் பிறகாவது விண்ணப்பியுங்கள். கிழித்துப் போடாமல் ஒரு பைலில் வையுங்கள்.

காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆலோசகருக்கு 75,000, ஆய்வகத்துக்கு 24,000, புது டப்பாவுக்கு 5,400, திருப்பிக் கொடுத்த பரிசு 40,000, செயினுக்குக் கட்டிய வட்டி 30,000-க்குப் பக்கம். செயின் கடைசியில் ஏலத்தில் போய்விட்டது. கிடைத்திருக்க வேண்டிய சம்பளத்தை நான்கு வருடத்துக்குக் கணக்குப் போட்டு ஒரு நாள் பேப்பரில் எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு அந்தப் பேப்பரைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அவள் இன்னும் ஆபீஸுக்குப் போகிறாள். டப்பாவை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை, அவளும் எறியவில்லை. அதில் இப்போதும் புளிதான் இருக்கிறது.

2025-ல் திரும்பி ஓடிய முதல் மீட்டில் 25.61. முதல் சுற்றான ஹீட்ஸிலேயே வெளியே. அழவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு மீட்டில் 24.9-க்கு இறங்கினேன், எட்டு பேரில் ஐந்தாவது. வார்ம் டவுன் செய்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து தோளைத் தொட்டார். கை கால் எல்லாம் வெலவெலத்துப் போயிற்று. ஆனால் போனேன். இந்த முறை யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் 90 மில்லி. பாட்டில் எண்ணைப் படிவத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தேன். ஏழு நாள் கட்டத்தில் பாராசிட்டமால் 500, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்று, புதன் காலை ஒன்று என்று எழுதினேன். அப்புறம் முழங்காலுக்குத் தடவிய தைலத்தின் பெயரை எழுதினேன், எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று. அதிகாரி இன்னொரு தாள் கொடுத்தார். நகலை வாங்கி, படம் பிடித்து, மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பிறகுதான் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். சாப்பிட்டியா என்று கேட்டாள்.